ஒரு த்ரில்லரும் ஒரு வகுத்தல் கணக்கும்

இது கொஞ்சம் நீண்ட பதிவு. காபியோ டீயோ கையில் எடுத்துக்கொண்டு உட்காருங்கள்.

போன பதிவுக்குக் கீழே ஒரு பழைய மாணவன் இப்படிக் கேட்டிருந்தான்: "டீச்சர், எப்பப் பாத்தாலும் கனமான வரலாற்றுப் புக்காவே சொல்றீங்க. ராத்திரி எடுத்தா விடியறதுக்குள்ள முடிக்கிற மாதிரி, அரசியல், விஞ்ஞானம், சதி எல்லாம் கலந்து ஒண்ணு சொல்லுங்களேன்." நியாயமான கேள்விதான். டீச்சர் என்றால் பாடப்புத்தகம் மட்டுமே படிப்பாள் என்று நினைக்கிறீர்கள். பேருந்து நிலையத்தில் தொங்கும் பாக்கெட் நாவல்களை வாங்கி, ராஜேஷ்குமாரை ஒரே மூச்சில் முடித்துவிட்டு மறுநாள் வகுப்பில் கொட்டாவி விட்டவள்தான் நான்.

நான் சொல்லும் நாவலின் பெயர் 'தி பாய்ஸ் ஃப்ரம் பிரேசில்'. எழுதியவர் அமெரிக்கரான ஐரா லெவின். 1976-ல் வந்தது. பழைய புத்தகக் கடையில் அட்டை கிழிந்த பிரதியாகக் கிடைத்தது எனக்கு. ஆங்கிலம்தான், பயப்படாதீர்கள். சின்னச் சின்ன வாக்கியங்கள். பத்தாம் வகுப்பு ஆங்கிலம் தெரிந்தவர் தட்டுத்தடுமாறியாவது படித்துவிடலாம்.

கதை 1974-ல், பிரேசில் நாட்டு சாவோ பாவ்லோ நகரில், ஒரு ஜப்பானிய உணவகத்தில் தொடங்குகிறது. வெள்ளை உடை அணிந்த ஒருவர் விருந்து வைக்கிறார். வந்திருப்பவர்கள் ஹிட்லரின் எஸ்.எஸ். படையில் இருந்த 6 பேர். சாப்பாடு முடிந்ததும் அவர்களுக்கு வேலை ஒப்படைக்கப்படுகிறது. அடுத்த இரண்டரை வருடத்தில் பல நாடுகளில் 94 ஆண்கள் சாக வேண்டும். எல்லோரும் 65 வயதை ஒட்டியவர்கள், எங்கோ ஒரு மூலையில் சாதாரண அரசு உத்தியோகம் பார்ப்பவர்கள். யாருக்கும் யாரையும் தெரியாது. ஒவ்வொருவரும் குறிப்பிட்ட ஒரு தேதியையொட்டிச் சாக வேண்டும். தபால் ஆபீஸ் குமாஸ்தா மாதிரியான இந்தக் கிழவர்களைக் கொன்று யாருக்கு என்ன லாபம்?

அந்தப் பேச்சை ஒட்டுக்கேட்டுப் பதிவு செய்த அமெரிக்க இளைஞன் ஒருவன், வியன்னாவில் இருக்கும் லீபர்மன் என்ற முதியவருக்குத் தொலைபேசியில் சொல்லிக்கொண்டிருக்கும்போதே பேச்சு நின்றுபோகிறது. தப்பி ஓடிய நாஜிகளைத் தேடுவதுதான் லீபர்மனின் வாழ்க்கை. கையில் காசு இல்லை, உடம்பும் சரியில்லை, பழைய கதையைக் கேட்க உலகத்துக்குப் பொறுமையும் இல்லை. நிஜத்தில் வியன்னாவிலிருந்து நாஜிகளைத் தேடிய சைமன் வீசென்தாலை மனதில் வைத்துப் படைக்கப்பட்ட பாத்திரம் அது.

இதற்கு மேல் கதையைச் சொல்ல மாட்டேன். அந்த 94 பேர் ஏன் சாக வேண்டும் என்பதுதான் விஞ்ஞானம், அதுதான் சதி. ஒன்று மட்டும் சொல்கிறேன். 1997-ல் ஸ்காட்லாந்திலிருந்து ஓர் ஆட்டுக்குட்டியைப் பற்றிய செய்தி வந்ததே, அன்றைக்கு இந்த நாவலைப் படித்தவர்களுக்கெல்லாம் முதுகு சில்லிட்டிருக்கும்.

சரி, கதை போதும். டீச்சர் வரலாறு பேசாமல் விடுவேனா?

அந்த வெள்ளை உடைக்காரர் கற்பனைப் பாத்திரம் இல்லை. யோசஃப் மெங்கலே. ஆஷ்விட்ஸ் முகாமின் மருத்துவர். நாவல் அச்சாகி வந்தபோது அந்த ஆள் உயிரோடு இருந்தான், அதுவும் கதை தொடங்கும் அதே சாவோ பாவ்லோ வட்டாரத்தில். லெவினுக்கு அது தெரிந்திருக்க வழியில்லை. (இரண்டு டாக்டர் பட்டம் வாங்கியவனை 'அவன்' என்று எழுதுகிறேனே என்று யாரும் இலக்கணம் பார்க்க வேண்டாம். தெரிந்துதான் எழுதுகிறேன்.)

நாவலில் மெங்கலேக்குப் பணம், ஆட்கள், ரகசிய இயக்கம், காட்டுக்குள் ஆய்வுக்கூடம் எல்லாம் உண்டு. நிஜம் அப்படிப் பளபளப்பாக இல்லை. போர் முடிந்த 1945-ல் அமெரிக்கர்களின் கைதிகள் முகாமிலேயே அவன் இருந்தான். அடையாளம் தெரியாமல் விட்டுவிட்டார்கள். பவேரியாவில் ஒரு பண்ணையில் 1949 வரை கூலி வேலை செய்தான். பிறகு ஹெல்முட் கிரிகோர் என்ற பெயரில் செஞ்சிலுவைச் சங்கப் பயண ஆவணத்தோடு அர்ஜென்டினாவுக்குக் கப்பல் ஏறினான். 1956-ல் மேற்கு ஜெர்மனியின் தூதரகத்துக்கே போய், சொந்தப் பெயரில் பாஸ்போர்ட் வாங்கினான்! இதை நாவலில் எழுதியிருந்தால் "நம்புற மாதிரி இல்லையே" என்று நீங்களே சொல்வீர்கள். 1960-ல் அய்க்மனை இஸ்ரேலிய உளவாளிகள் அர்ஜென்டினாவில் பிடித்துக்கொண்டு போன பிறகுதான் பயம் பிடித்து, பராகுவேயிலிருந்து பிரேசிலுக்குள் போய் ஒடுங்கினான். ஊரில் அப்பா நடத்திய விவசாயக் கருவித் தொழிற்சாலைப் பணம் கொஞ்சம் கொஞ்சமாக வந்துகொண்டிருந்தது. 1979 பிப்ரவரியில் கடலில் குளித்துக்கொண்டிருந்தபோது இறந்தான். வேறொருவர் பெயரில் புதைத்தார்கள். 1985-ல் அமெரிக்கா, மேற்கு ஜெர்மனி, இஸ்ரேல் மூன்றும் மும்முரமாகத் தேடிக்கொண்டிருந்தபோது, ஆள் செத்து 6 வருடமாகியிருந்தது. அந்த ஜூனில்தான் எலும்பைத் தோண்டி எடுத்தார்கள். 1992-ல் மரபணுச் சோதனை உறுதி செய்தது.

நாவலைப் படித்து முடிக்கும் ஒருவருக்கு, ஒரு பைத்தியக்கார மேதையும் அவனைச் சுற்றி ஒரு ரகசியக் கூட்டமும் இருந்தால்தான் இப்படிப்பட்ட கொடுமை நடக்கும் என்று தோன்றிவிடும். கதைக்கு அது தேவை. ஆனால் நடந்த விஷயத்தைத் தேடிப் படித்தால், ஒளித்துச் செய்த பகுதி கொஞ்சம்தான். மிச்சமெல்லாம் சட்டம் போட்டு, நிதி ஒதுக்கி, கையெழுத்துப் போட்டு, பகல் வெளிச்சத்தில் நடந்தது.

எங்கிருந்து தொடங்கலாம்? கணக்குப் புத்தகத்திலிருந்து தொடங்குகிறேன். நான் கணக்கும் எடுத்தவள் ஆயிற்றே.

1930-களில் ஜெர்மனியின் பள்ளிக் கணக்குப் புத்தகங்களில் ஒரு வகையான கணக்கு வந்தது. மனநோயாளிகளுக்கு ஒரு விடுதி கட்ட இவ்வளவு மார்க் செலவு. ஒரு குடும்பத்துக்கு வீடு கட்ட இவ்வளவு மார்க். அந்த விடுதிப் பணத்தில் எத்தனை வீடுகள் கட்டலாம்? சாதாரண வகுத்தல் கணக்கு. உங்களுக்கு நான் ஆரஞ்சுப் பழத்தையும் பென்சிலையும் வைத்துச் சொல்லிக்கொடுத்த அதே வகுத்தல். பையன் விடையைச் சரியாகப் போட்டிருப்பான், டீச்சர் சிவப்பு மையில் டிக் அடித்திருப்பார். விடை சரிதானே! கேள்வி சரியா என்று கேட்கும் இடம் விடைத்தாளில் கிடையாது. இதைப் பற்றி முதன்முதலில் படித்த அன்று வெகுநேரம் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன்.

இந்தக் கணக்கை ஹிட்லர் கண்டுபிடிக்கவில்லை. நல்ல வித்துள்ள மனிதர்களைப் பெருக்க வேண்டும், மற்றவர்களைக் குறைக்க வேண்டும் என்ற கொள்கைக்கு 1883-ல் பெயர் வைத்தவர் இங்கிலாந்தின் ஃபிரான்சிஸ் கால்டன். 1907-ல் அமெரிக்காவின் இண்டியானா மாநிலம் கட்டாயக் கருத்தடைக்குச் சட்டம் போட்டது. 1927-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் வர்ஜீனியா மாநிலத்தைச் சேர்ந்த கேரி பக் என்ற இளம்பெண்ணின் வழக்கில், மந்தபுத்தி உள்ளவர்களுக்கு அரசு கருத்தடை செய்யலாம் என்று தீர்ப்பளித்தது. கேரியின் அம்மா மந்தம், கேரி மந்தம், கேரியின் கைக்குழந்தையும் மந்தம் என்று சாட்சி சொன்னார்கள். அந்தக் குழந்தைக்கு அப்போது ஒரு வயதுகூட ஆகவில்லை, பிள்ளைகளே! அவள் பெயர் விவியன். வளர்ந்து பள்ளிக்குப் போனாள். 1931-ல் அவள் பெயர் வகுப்பின் சிறந்த மாணவர் பட்டியலில் வந்தது. அடுத்த வருடம் நோயில் இறந்துபோனாள், 8 வயதில். உச்ச நீதிமன்றத் தீர்ப்பு ஒரு பக்கம், ஏதோ ஒரு பெயர் தெரியாத டீச்சர் போட்ட மதிப்பெண் ஒரு பக்கம். எது உண்மை சொன்னது என்று நீங்களே பாருங்கள்.

1933 ஜூலையில், ஆட்சிக்கு வந்த 6-வது மாதத்தில், ஹிட்லர் அரசு இதே மாதிரி சட்டத்தைப் போட்டது. பிறவி மந்தம், வலிப்பு, பரம்பரைக் குருடு, பரம்பரைச் செவிடு என்று பட்டியல். ஒரு நீதிபதியும் இரண்டு மருத்துவர்களும் உட்கார்ந்து முடிவு செய்வார்கள். போர் முடிவதற்குள் ஏறத்தாழ 4 லட்சம் பேருக்கு அறுவை நடந்தது. யாரை அந்த மேசை முன் நிறுத்துவது என்று தகவல் கொடுத்தவர்களில் டாக்டர்கள், விடுதி அதிகாரிகளோடு, மெதுவாகக் கற்கும் பிள்ளைகளுக்கான சிறப்புப் பள்ளிகளின் ஆசிரியர்களும் இருந்தார்கள். தேர்ச்சி அட்டை எழுதும் அதே பேனா.

நம் ஆசிரியர் அறைகளிலும் 'தேறாத கேஸ்' என்ற வார்த்தை புழங்கியதுண்டு. மதியச் சாப்பாட்டு நேரத்தில் சிரித்துக்கொண்டே சொல்வார்கள். எனக்கு அந்த வார்த்தை எப்போதும் ஆகாது. வாய்ப்பாடு வராத ஒரு பையன் இன்று எங்கள் தெருவுக்கே மின்சார வேலை செய்கிறான் என்பதற்காக மட்டும் சொல்லவில்லை. அவன் எந்த வேலையும் செய்யாமல் திண்ணையில் உட்கார்ந்திருந்தாலும் அந்த வார்த்தை ஆகாது.

1939-ல் அடுத்த படி. மாற்றுத்திறனாளிக் குழந்தைகளில் தொடங்கி, பிறகு மனநோய் விடுதிகளில் இருந்த பெரியவர்கள். பெர்லினில் டியர்கார்டன் தெரு 4-ஆம் எண் கட்டடத்தில் ஆபீஸ் என்பதால் அதற்கு 'டி4' என்று பெயர். ஒவ்வொரு நோயாளிக்கும் ஒரு படிவம். மருத்துவப் பேராசிரியர்கள் நோயாளியைப் பார்க்காமலே படிவத்தை மட்டும் பார்த்துக் குறி போடுவார்கள். சிவப்புப் பென்சிலில் கூட்டல் குறி என்றால் சாவு. நீலப் பென்சிலில் கழித்தல் குறி என்றால் உயிர். 1941 ஆகஸ்டுக்குள் 70,000-க்கும் மேற்பட்டவர்களை விஷவாயு அறைகளில் கொன்றார்கள். அந்த ஆகஸ்டில் மியூன்ஸ்டர் நகரத்து ஆயர் ஃபான் காலன் கோயில் மேடையிலிருந்தே இதைக் கண்டித்துப் பேசினார். அந்த மாதமே வாயு அறைகளை நிறுத்தச் சொல்லி உத்தரவு வந்தது. கொலை நிற்கவில்லை. பட்டினி போட்டும் மருந்து கொடுத்தும் தொடர்ந்தது. இருந்தாலும் ஒருவர் வாய்திறந்து பேசியது அந்த அரசையும் ஒரு நிமிடம் தயங்க வைத்தது.

இப்போது நாவலின் வில்லனிடம் திரும்பி வருவோம். மெங்கலே திடீரென்று முளைத்த பேய் அல்ல. ஓட்மார் ஃபான் ஃபெர்ஷுவர் என்ற பெரிய பேராசிரியரின் உதவியாளன். இரட்டைப் பிள்ளைகளை வைத்துப் பரம்பரையை ஆராய்வதில் ஃபெர்ஷுவருக்கு உலகளவில் பெயர் இருந்தது. 1942-ல் பெர்லினின் டாலம் பகுதியில் இருந்த கைசர் வில்ஹெல்ம் மானிடவியல் நிறுவனத்துக்கு அவர் இயக்குநரானார். அடுத்த வருடம் மே மாதம் மெங்கலே ஆஷ்விட்ஸுக்குப் போனான். 1944-ல் ஃபெர்ஷுவர் ஆராய்ச்சி நிதி தரும் அமைப்புக்கு அறிக்கை எழுதினார். தன் உதவியாளர் ஆஷ்விட்ஸ் முகாமில் மருத்துவராக இருக்கிறார், அங்கிருந்து ரத்த மாதிரிகள் வருகின்றன என்று. ஒளிவுமறைவே இல்லை. முகாமில் கைதியாக இருந்து, பிணங்களை அறுத்துப் பார்க்கும்படி கட்டாயப்படுத்தப்பட்ட ஹங்கேரி மருத்துவர் மிக்லோஸ் நிஸ்லி தன் நினைவுக் குறிப்பில் எழுதியிருக்கிறார், பெர்லினுக்குப் போன பொட்டலங்களில் 'அவசரம், போர்ப்பொருள்' என்று முத்திரை குத்தினார்களாம்.

அந்தப் பொட்டலத்தை பெர்லினில் பிரித்தது யார்? எனக்கு நாவலைவிட இந்தக் கேள்விதான் தூக்கத்தைக் கெடுத்தது. பிரித்து, பதிவேட்டில் எண் போட்டு, அலமாரியில் வைத்து, மாலையில் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டவர்கள். அவர்களில் ஒருவர் காரின் மாக்னுசன் என்ற பெண் விஞ்ஞானி. கண்ணின் நிறத்தை ஆராய்ந்தவர். முகாமில் இறந்த சின்டி இனக் குடும்பம் ஒன்றின் கண்கள் அவருடைய ஆய்வுக்கு வந்தன. போருக்குப் பிறகு அவர் என்ன ஆனார் தெரியுமா? பிரேமன் நகரில் பள்ளிக்கூட டீச்சர் ஆனார். உயிரியல் பாடம். 1970 வரை வகுப்பெடுத்து ஓய்வு பெற்றார். ஃபெர்ஷுவருக்கு 600 மார்க் அபராதம். 1951-ல் மியூன்ஸ்டர் பல்கலைக்கழகத்தில் மனித மரபியல் பேராசிரியர் பதவி. ஆயர் ஃபான் காலன் பேசினாரே, அதே மியூன்ஸ்டர்தான்.

அந்தப் பக்கம் ஊசி போடப்பட்டவர்களையும் பார்க்க வேண்டும் அல்லவா? 1944 மே மாதம் ரயிலிலிருந்து இறங்கிய 10 வயது இரட்டையர் ஈவா, மிரியம். ருமேனியாவின் ட்ரான்சில்வேனியா பகுதிச் சிறுமிகள். "இரட்டையா?" என்று ஒரு காவலன் கேட்டான். அம்மா பதில் சொன்ன அந்த நிமிடத்தோடு அம்மாவை அவர்கள் திரும்பப் பார்க்கவேயில்லை. ஈவாவுக்கு ஏதோ ஒரு ஊசி போட்டார்கள், கடும் காய்ச்சல். அவள் செத்திருந்தால் மிரியமையும் கொன்று, இரண்டு உடல்களையும் ஒப்பிட்டுப் பார்த்திருப்பார்கள். மிரியமுக்காகவே சாகக் கூடாது என்று தரையில் தவழ்ந்து போய்த் தண்ணீர் குடித்ததாக ஈவா பின்னாளில் சொன்னார். 1945 ஜனவரி 27 அன்று சோவியத் படை வந்தது. அந்தக் குழந்தைகள் சட்டைக் கையை மடக்கிப் பச்சை குத்திய எண்ணைக் காட்டும் படச்சுருளை நீங்களும் எங்காவது பார்த்திருப்பீர்கள். அதில் இந்த இருவரும் உண்டு.

மிரியமின் சிறுநீரகங்கள் சரியாக வளரவே இல்லை. 1987-ல் ஈவா தன் சிறுநீரகம் ஒன்றைக் கொடுத்தார். 1993-ல் மிரியம் இறந்தார். அந்த ஊசிகளில் என்ன இருந்தது என்று ஈவா காலமெல்லாம் தேடினார், விடை கிடைக்கவில்லை. 2001-ல், அந்தப் பழைய நிறுவனத்தின் வாரிசான மேக்ஸ் பிளாங்க் கழகத்தின் தலைவர், உயிர் பிழைத்த இரட்டையர்களை பெர்லினுக்கு அழைத்து வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டார். 56 வருடம் ஆகியிருந்தது.

இதற்கிடையில் 1946-47-ல் நியூரம்பெர்க்கில் 23 பேர் மீது வழக்கு நடந்தது, 7 பேருக்குத் தூக்கு. அந்தத் தீர்ப்பில் மனிதர்கள் மீது சோதனை செய்வதற்கு 10 விதிகள் எழுதினார்கள். சோதனைக்கு உட்படுபவரின் மனமுவந்த சம்மதம் வேண்டும் என்பதே முதல் விதி. புது மருந்துச் சோதனையில் சேரும் ஒருவரிடம் இன்றைக்கு வாங்கும் சம்மதப் படிவத்துக்கு அதுவும் ஒரு வேர். மருந்துக் கம்பெனியிலும் ஆய்வுக்கூடத்திலும் வேலை பார்க்கும் என் பிள்ளைகள் சிலர் இதைப் படிப்பீர்கள். அந்தத் தாளைப் படிக்க நேரம் கொடுங்கள். "இங்க ஒரு கையெழுத்துப் போடும்மா" என்று விரலால் இடம் காட்டாதீர்கள்.

குடும்பக் குழுவில் தினமும் காலையில் சதிச் செய்தி அனுப்பும் என் அக்கா மகனுக்கும் ஒரு வார்த்தை. 13 குடும்பங்கள் உலகத்தை ஆள்கின்றன, ஊசிக்குள் சிப் வைக்கிறார்கள் என்றெல்லாம் அனுப்புகிறாய், ராசா. நிஜமான சதிகள் நடந்திருக்கின்றன, நான் மறுக்கவில்லை. மேலே எழுதியதே அதுதான். ஆனால் அதற்கு நிதிக் கடிதம் இருக்கிறது, படிவம் இருக்கிறது, சட்டத்தின் தேதி இருக்கிறது, பொட்டலம் போன விலாசம் இருக்கிறது, நீதிமன்றத்தில் சத்தியம் செய்து சொன்ன சாட்சி இருக்கிறது. நீ அனுப்புவதில் அப்படி ஒரே ஒரு தாளைக் காட்டு, சித்தி வாயை மூடிக்கொள்கிறேன். அதுவரை இந்த நாவலைப் படி. அது கதை என்று அட்டையிலேயே போட்டிருக்கிறார்கள்.

படமாகவும் வந்திருக்கிறது, 1978-ல். மெங்கலேயாக கிரிகரி பெக், லீபர்மனாக லாரன்ஸ் ஒலிவியர். படத்தை முதலில் பார்த்துவிடாதீர்கள், புத்தகத்தில் ரகசியம் அவிழும் இடத்தின் சுவை போய்விடும். நாவலின் கடைசிப் பகுதியில் லீபர்மன் ஒரு பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு முடிவெடுப்பார். அவர் எடுத்தது சரியா தவறா என்று எனக்கும் என் வீட்டுக்காரருக்கும் இரண்டு நாள் வாக்குவாதம். நீங்கள் படித்துவிட்டு அதை மட்டும் எனக்குத் தனிச்செய்தியில் எழுதுங்கள். நான் எந்தப் பக்கம் என்று பிறகு சொல்கிறேன்.

இன்னொரு தகவல். சாவோ பாவ்லோவில் தோண்டியெடுத்த மெங்கலேயின் எலும்புகளை வாங்கிக்கொள்ளக் குடும்பத்தார் யாரும் முன்வரவில்லை. பல வருடம் தடயவியல் நிறுவனத்தில் ஒரு பையில் கிடந்தன. பிறகு மருத்துவ மாணவர்களுக்குப் பாடம் நடத்த அவற்றைப் பயன்படுத்தினார்கள். இந்த எலும்பு முறிவு எப்போது ஏற்பட்டது, இந்தப் பல் என்ன சொல்கிறது என்று.

என் பிரதி வீட்டில்தான் இருக்கிறது. அட்டைக்குச் செய்தித்தாள் போட்டு வைத்திருக்கிறேன், நடுவில் இரண்டு தாள் ஒட்டு. முதலில் கேட்பவருக்கு ஒரு மாதம். பெயரைப் பின்னூட்டத்தில் போடுங்கள், தயவுசெய்து முடிவை மட்டும் யாரும் அங்கே எழுதிவிடாதீர்கள்.